அரசும் ஆன்மாவும் சமுதாயமும்

(கரக்பூரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இசை நிகழ்ச்சிக்கும் நாடகத்திற்கும் இடையே ஓர் உரைக்குச் சிறிது நேரம் ஒதுக்குவது நம் சங்கத்தின் வழக்கம். அந்த நேரத்தை இவ்வாண்டு நமக்கு அளித்திருக்கின்றனர். மெட்ரிகுலேஷனோடு ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு ரயில்வே குமாஸ்தாவின் நாற்காலிக்கு வந்தவர் நாம். அத்தகைய நாம் கல்லூரிப் படிப்பைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் நினைக்கக்கூடும். கல்லூரியில் படிக்கிறவர் பிள்ளைகளே ஆயினும், கட்டணம் கட்டுகிறவரும் கவலைப்படுகிறவரும் நாமே அல்லவா? அந்தக் கவலையைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு உரிமையுண்டு என்று கருதியே இம்மேடை ஏறினோம்.

நம் காலனியில் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் பலர் பொறியியலுக்கும் வணிகவியலுக்கும் மனுச் செய்துள்ளனர். அது நாம் அறிந்த வழி, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஓரிருவர் அரசியல் தத்துவம் படிக்க வேண்டும் என்கின்றனர். ஒருவர் மெய்யியல் என்கிறார். மற்றொருவர் சமூகவியல் என்கிறார். அரசு என்பது யாது, ஆன்மா என்பது யாது, சமுதாயம் ஏன் இவ்வாறு மேலும் கீழுமாய் இருக்கிறது என்னும் மூன்று கேள்விகளைக் கேட்கும் படிப்புகள் இவை. இப்பெயர்களைக் கேட்டவுடன் குவார்ட்டர்ஸ் வராந்தாக்களில் எழும் பேச்சு நாம் அறிந்ததே. "இதைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்பார் ஒருவர். "கொடி பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவான்" என்பார் மற்றொருவர். "கோயிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாள்" என்பார் இன்னொருவர். "பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வம்பு?" என்று முடிப்பார் நான்காமவர்.

இந்நான்கு அச்சங்களும் வெறுங்கற்பனை என்று தள்ளிவிட நாம் வரவில்லை. நாம் குடியேறி வாழும் இந்த வங்க நாட்டில், கல்லூரிகளில் இம்மூன்று கேள்விகளையும் கேட்டவர்கள் 200 ஆண்டுகளாக வாழ்ந்திருக்கின்றனர். அவர்களில் வாழ்ந்தவரும் உண்டு, வீழ்ந்தவரும் உண்டு. எது வாழ்வித்தது, எது வீழ்த்தியது என்பதை ஆராய்ந்து பார்த்தால், நாம் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது விளங்கும்.

இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தாவில் 1817-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் இந்துக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதுவே 1855-இல் பிரெசிடென்ஸி கல்லூரியாகி, 2010-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அக்கல்லூரிக்கு 1826-இல் ஓர் ஆசிரியர் வந்தார். பெயர் ஹென்றி லூயிஸ் விவியன் டெரோஸியோ. அப்போது அவருக்கு வயது 17. மாணவருக்கும் அவருக்கும் வயதில் அதிக வேறுபாடில்லை. வகுப்பு முடிந்த பின்னரும் மாணவர் அவரைச் சூழ்ந்திருந்தனர். 1828-இல் ஒரு விவாத சபை அமைத்தார். விதி உண்டா, மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டா, கடவுள் உண்டா, சிலை வணக்கம் தகுமா என்பனவெல்லாம் அச்சபையில் விவாதிக்கப்பட்டன.

விளைவு யாதாயிற்று? நகரமே கலங்கிற்று. பெற்றோர் சிலர் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திக்கொண்டனர். கடவுள் இல்லை என்று போதிக்கிறார், பெற்றோரை மதிக்க வேண்டாம் என்று கற்பிக்கிறார் என்று டெரோஸியோவின் மீது குற்றம் சாட்டினர். 1831 ஏப்ரலில் அவர் பதவி விலக நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வாந்திபேதி கண்டு, 22-ஆம் வயதில் மறைந்தார்.

தம் மீது சாட்டப்பட்ட குற்றத்திற்கு அவர் கடிதத்தில் அளித்த விடைதான் நாம் கருத வேண்டியது. கடவுள் உண்டு என்பதில் ஹியூம் முதலிய தத்துவ ஞானிகள் எழுப்பிய ஐயங்களை மாணவருக்குச் சொன்னது மெய்யே. அவ்வையங்களுக்கு ரீட் முதலியோர் கூறிய மறுமொழிகளையும் அவ்வண்ணமே சொன்னேன் என்பது அவ்விடையின் சாரம். இருபக்கத்தையும் எடுத்து வைத்தார். முடிவைத் தாம் ஊட்டிவிடவில்லை.

அம்மாணவர் அனைவரும் அடக்கமாய் நடந்தனர் என்று நாம் சொல்லவில்லை. 1831-இல் கிருஷ்ண மோகன் பானர்ஜியின் நண்பர்கள் பக்கத்து வீட்டிற்குள் மாட்டிறைச்சியை எறிந்து வம்பு செய்தனர். அதனால் அவர் தம் வீட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. இளமையின் துடுக்கு அது. ஆனால் அத்துடுக்கோடு அவர்கள் நின்றுவிட்டனரா? அதே கிருஷ்ண மோகன் பிற்காலத்தில் பெரும் புலவரானார். பியாரி சந்த் மித்ரா வங்க மொழியின் முதல் நாவலாசிரியருள் ஒருவராக மதிக்கப்பட்டார். ராம்தனு லாகிரி ஊரெங்கும் போற்றிய நல்லாசிரியரானார். ராதாநாத் சிக்தார் நில அளவைத் துறையில் கணக்கராய்ச் சேர்ந்து, உலகின் மிக உயர்ந்த சிகரம் எது என்பதை 1852-இல் கணக்கிட்டுச் சொன்னார். அந்த அளவைப் பணி 1802-இல் சென்னைக்கு அருகே பரங்கிமலையடியில் தொடங்கப்பட்டது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கேள்வி கேட்கப் பழகிய மூளை மலையையும் அளக்கும், மொழியையும் வளர்க்கும் என்பதற்கு இவர்களே சான்று.

இனி, கோயிலுக்கு வரமாட்டான் என்னும் அச்சத்தை எடுத்துக்கொள்வோம். 1880-களில் கல்கத்தாவில் ஒரு மாணவர் இருந்தார். பெயர் நரேந்திரநாத் தத்தர். ஹியூம், மில், ஸ்பென்ஸர் முதலியோரின் நூல்களை ஆழ்ந்து கற்றவர். கல்வி பற்றி ஸ்பென்ஸர் எழுதிய நூலை வங்காளியில் பெயர்த்தவர். அந்நூல்கள் அவர் உள்ளத்தில் பெரும் ஐயத்தை விதைத்தன. ஐயுற்ற அவர் கடவுள் என்ற பேச்சையே விட்டுவிட்டாரா? விடவில்லை. பெரியோர் எவரைக் கண்டாலும், "தாங்கள் கடவுளைக் கண்டதுண்டா?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தார். அவர் படித்த கல்லூரியின் முதல்வர் வில்லியம் ஹேஸ்டி என்னும் பாதிரியார் ஒரு நாள் ஆங்கிலக் கவிதை வகுப்பில் பரவச நிலையைப் பற்றி விளக்கும்போது, அந்நிலையைக் காண விரும்புவோர் தக்ஷிணேசுவரம் சென்று இராமகிருஷ்ணரைக் காணலாம் என்றார். கிறித்தவப் பாதிரியார் சுட்டிக் காட்ட, ஐயவாதியான மாணவர் காளி கோயில் அர்ச்சகரைத் தேடிப் போனார். அம்மாணவரே விவேகானந்தர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் 1892 டிசம்பரில் கன்னியாகுமரிக்கு வந்ததும், மறு ஆண்டு அவரைச் சிகாகோவுக்கு அனுப்பத் திருவல்லிக்கேணியில் ஆசிரியராயிருந்த அளசிங்கப் பெருமாள் வீடு வீடாய்ப் பணம் திரட்டியதும் நாம் அறிந்தவை. அவருடைய ஆன்மிகம் பசித்தவனை மறந்த ஆன்மிகம் அன்று. 1896-இல் எழுதிய கடிதம் ஒன்றில் தம்மைச் சமதர்மவாதி என்றே குறித்தார். அரசு, ஆன்மா, சமுதாயம் என்ற மூன்று கேள்விகளும் ஒரே மனிதரிடத்தில் சேர்ந்து நின்றமை காண்க.

அவர் பட்டம் பெற்ற அதே கல்லூரியில், அவருக்குப் பின் 35 ஆண்டுகள் கழித்து, 1919-இல் மெய்யியலில் முதல் வகுப்பில் தேறியவர் சுபாஷ் சந்திர போஸ். பதினைந்தாம் வயதில் விவேகானந்தரைப் படித்தார். 1914 கோடை விடுமுறையில் வீட்டாருக்குச் சொல்லாமல் குருவைத் தேடி வடநாட்டுத் தலங்களில் அலைந்தார். 1916-இல் பிரெசிடென்ஸி கல்லூரியில் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் தாக்கப்பட்டதன் தொடர்பில் நீக்கப்பட்டார். ஓராண்டுக்கு மேல் படிப்பின்றி இருந்து, வேறு கல்லூரியில் சேர்ந்து மீண்டும் எழுந்தார். அன்று அவருடைய பெற்றோர் எத்துணைக் கலங்கியிருப்பர்! எனினும் பிள்ளை கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டான் என்று அவனுடைய படிப்பை அவர்கள் முடித்துவிடவில்லை. அதை நம்மைப் போன்ற பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

அன்பர்களே! கல்கத்தாவை விட்டு நம் ஊருக்கு வருவோம். ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் நிற்கும் ஹிஜ்லி சிறைக் கட்டடத்தை நம்மில் காணாதார் இல்லை. 1930-இல் அது அரசியல் கைதிகளின் தடுப்பு முகாமாயிற்று. 1931 செப்டம்பர் 16-ஆம் நாள் இரவு அங்கே ஆயுதமின்றி இருந்த கைதிகளின் மீது காவலர் சுட்டனர். சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேசுவர் சென்குப்தா என்னும் இருவர் மாண்டனர். அவர்களுடைய உடல்களைப் பெற்றுச் செல்லச் சுபாஷ் போஸ் நேரில் வந்தார். கவியரசர் தாகூர் வெகுண்டு கண்டித்தார்.

அக்காலத்தில் இம்மேதினிபூர் மாவட்டத்தில் 1931, 1932, 1933 என அடுத்தடுத்து மூன்று ஆங்கிலேய மாவட்ட ஆட்சியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். துப்பாக்கியே விடுதலை தரும் என்று வங்க இளைஞர் பலர் நம்பிய காலம் அது. அவ்விளைஞர்களை ஹிஜ்லி, பக்ஸா, தேவ்லி முகாம்களிலும் அந்தமான் சிறையிலும் அடைத்தனர். அடைபட்டவர் என்ன செய்தனர்? படித்தனர். சமதர்ம நூல்களையும் வரலாற்றையும் பொருளாதாரத்தையும் ஆழ்ந்து கற்றனர். கற்றதன் பயனாய், ஓர் அதிகாரியைக் கொல்வதால் ஒரு நாட்டின் அமைப்பு மாறாது என்று உணர்ந்து, தனிமனிதக் கொலை வழியைக் கைவிட்டு உழவரிடையிலும் தொழிலாளரிடையிலும் சங்கம் அமைக்கப் போனவர் பலர். தீவிர நூல் படித்தால் பிள்ளை துப்பாக்கி தூக்குவான் என்று நாம் அஞ்சுகிறோம். துப்பாக்கி தூக்கிய பிள்ளைகள் ஆழ்ந்து படித்ததன் பின் அதைக் கீழே வைத்ததும் வரலாறே.

1951-இல் அச்சிறைக் கட்டடத்திலேயே நாட்டின் முதல் தொழில்நுட்பக் கழகம் தொடங்கிற்று. சிறை கல்விக்கூடமாயிற்று. தமிழருக்கு இது புதிய கதையன்று. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினாள் மணிமேகலை என்று சாத்தனார் பாடினார் அல்லவா? அந்த மணிமேகலையை இன்று நாம் மற்றொரு காரணத்திற்காகவும் நினைக்க வேண்டும். வஞ்சி மாநகரில் அவள் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்டாள். சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர் எனப் பலர். உலகே மெய், மறுபிறப்பில்லை என்னும் பூதவாதியும் அவருள் ஒருவர். எவரிடமும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அனைத்தையும் கேட்ட பின்னரே காஞ்சியில் அறவண அடிகளிடம் தன் முடிவைத் தேடினாள். ஆனால் அவள் பெண்ணுருவில் சென்று கேட்க முடியவில்லை. இளம்பெண்ணுக்கு எவரும் நுண்பொருள் கூறமாட்டார் என்று தெய்வம் முன்னரே சொல்லியிருந்ததால், தவசியின் வேற்றுருக் கொண்டு சென்றாள். இன்று நம் பெண்கள் வேற்றுருக் கொள்ள வேண்டியதில்லை. சந்திரமுகி பாசுவும் காதம்பினி கங்குலியும் 1883-லேயே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வழி திறந்துவிட்டனர். அவ்வழியை நம் வராந்தாப் பேச்சு அடைக்கலாமா?

நம் ரயில்வேக்கும் இக்கல்விக்கும் தொடர்பு உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெர்ஹாம்பூரில் பிறந்த வி.வி. கிரி, அயர்லாந்தின் டப்ளின் நகரில் சட்டம் படிக்கப் போனார். அங்கே ஐரிஷ் விடுதலை வீரர்களோடு பழகி, 1916-இல் அந்நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். திரும்பி வந்தவர் நம் பழைய பெங்கால் நாக்பூர் ரயில்வேத் தொழிலாளரின் தலைவரானார். 1969-இல் குடியரசுத் தலைவரே ஆனார். 1927-இல் இந்த ரயில்வேயில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, சென்னையிலிருந்து புறப்பட்டு வந்து ஆதரவு கூறியவர் சிங்காரவேலர். மார்க்ஸையும் புத்தரையும் ஒருங்கே கற்ற தமிழர் அவர். 1923-இல் சென்னையில் மே நாள் கொண்டாடியவரும் அவரே. நாம் கையொப்பமிடும் வருகைப் பதிவேட்டிற்கும், நாம் பெறும் வார ஓய்விற்கும் பின்னே இத்தகைய படிப்பாளிகள் பலர் நிற்கின்றனர்.

இவ்வளவும் சொன்ன நாம் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றேல் டெரோஸியோவைப் புகழ்ந்ததில் பொருளில்லை.

1967-இல் நக்சல்பாரியில் உழவர் கிளர்ச்சி எழுந்தது. அதன் அனல் கல்கத்தாக் கல்லூரிகளில் பரவிற்று. பிரெசிடென்ஸி கல்லூரியில் படித்த தேர்ந்த மாணவர் சிலர் தேர்வையும் வேலையையும் துறந்து, 1969-இல் நம் பக்கத்துக் கோபிபல்லவபூருக்கு வந்தனர். டெப்ராவிலும் அத்தீ மூண்டது. ஏழை உழவனின் துயரைக் கண்டு உருகிய அவர்களுடைய நெஞ்சை நாம் இகழமாட்டோம். ஆனால் பின்னர் நிகழ்ந்தது என்ன? 1970-இல் கல்கத்தாவில் வித்யாசாகரின் சிலை தலை துண்டிக்கப்பட்டது. சமஸ்கிருதக் கல்லூரியின் கதவைப் பிராமணர் அல்லாதார்க்குத் திறந்தவர். விதவை மறுமணச் சட்டம் 1856-இல் வரப் பாடுபட்டவர். அவரும் பகைவர் ஆனார்! அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் நாள் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கோபால் சென் கொலையுண்டார். மறுபுறம், காவல்துறையின் கையில் மாண்ட மாணவரும் பலர். இரு தரப்பிலும் அழுதவர் தாய்மாரே.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. இவ்விளைஞர் அதிகம் படித்ததனால் கெட்டனர் என்பது சரியன்று. ஒரு நூலைப் படித்து, அதுவே போதும், மற்றவை எல்லாம் எரியத்தக்கவை என்று கொண்ட இடத்தில்தான் கேடு புகுந்தது. கேள்வியோடு தொடங்கியவர் விடையை வழிபடத் தொடங்கினர். இக்கேடு ஒரு கட்சிக்கோ ஒரு கொள்கைக்கோ மட்டும் உரியதன்று. சமயத்தின் பெயராலும் வரும். மொழியின் பெயராலும் வரும். சாதியின் பெயராலும் வரும். கைப்பேசியில் நாள்தோறும் ஒரே குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் நம் காலத்தில், கல்லூரிக்கே போகாதவருக்கும் வரும். ஒரே தண்டவாளத்தில் எதிரும் புதிருமாய் வண்டி விட்டால் என்ன ஆகும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரு பாதையும் கைகாட்டியும் இருந்தால்தான் போக்குவரவு. அறிவுக்கும் அதுவே விதி.

பல பாதையும் கற்றுத் தன் பாதையைத் தேர்ந்தவருக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின் டாக்டர் அம்பேத்கரைக் கூறலாம். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் படித்தார். சாதி எவ்வாறு தோன்றியது என்று அங்கே ஒரு கருத்தரங்கில் 1916-இல் கட்டுரை படித்தார். அவரை 1946-இல் அரசியல் நிர்ணய சபைக்கு முதலில் தேர்ந்தனுப்பியது இந்த வங்க நாடே. அரசின் சட்டத்தை எழுதிய பின்னும் அவர் ஓயவில்லை. ஆன்மாவின் கேள்வி மிஞ்சி நின்றது. 1956 அக்டோபர் 14-ஆம் நாள், நம் பழைய ரயில்வேயின் மறுகோடியான நாக்பூரில், பல லட்சம் மக்களோடு பௌத்தம் தழுவினார். அடுத்த மாதமே காத்மாண்டுவில் புத்தரையும் மார்க்ஸையும் ஒப்பிட்டுப் பேசினார். இருவர் காண விழைந்ததும் துயரற்ற சமுதாயமே ஆயினும், வன்முறையால் அன்றி மன மாற்றத்தால் வருவதே நிலைக்கும் என்பது அவர் கண்ட முடிவு. நாற்பது ஆண்டுகள் கற்று, எடைபோட்டு எடுத்த முடிவு அது.

இனி, நம்மவர் வாய்விட்டுச் சொல்லாத ஓர் அச்சம் உண்டு. "பிள்ளை எதையாவது படிக்கப் போய், நம் வேலைக்கு ஆபத்து வந்தால்?" என்பது அது. விதியைச் சொல்லிவிடுவோம். 1966-ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் ஐந்தாவது விதி, ஊழியர் அரசியல் கட்சியில் உறுப்பினராவதைத் தடுக்கிறது. சட்டப்படி அமைந்த அரசைக் கவிழ்க்கும் செயலில் குடும்பத்தார் ஈடுபடாதவாறு தடுக்க முயல்வதும், இயலாவிடில் அறிவிப்பதும் ஊழியரின் கடமை என்றும் கூறுகிறது. கூர்ந்து படியுங்கள்: செயல், இயக்கம் என்று விதி சொல்கிறதே அன்றி, படிப்பு என்று சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் பிளேட்டோவும் கௌடில்யரும் ரூசோவும் மார்க்ஸும் காந்தியடிகளும் அரசு நடத்தும் பல்கலைக்கழகங்களிலேயே இடம்பெறுகின்றனர். அரசு பாடமாய் வைத்ததை நம் மகள் படிப்பதற்கு நாம் நடுங்குவானேன்?

சோற்றைப் பற்றிய கேள்விக்கு இனிப்புத் தடவிய விடை நம்மிடம் இல்லை. இப்படிப்பு முடித்தவுடன் வேலை காத்திராது. ஆசிரியப் பணி, சட்டம், பத்திரிகை, ஆட்சிப் பணித் தேர்வுகள் என வழிகள் உண்டு. அவற்றிற்கும் உழைப்பும் காத்திருப்பும் வேண்டும். ஆனால் பொறியியல் பட்டத்தோடு நம் இலாகாவின் கடைநிலை வேலைக்கு வரிசையில் நிற்போரையும் நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? விருப்பமில்லாத படிப்பும் சோற்றுக்கு உறுதி தருவதில்லை. ஆகையால், வீட்டின் வருவாய் இவ்வளவு, இத்தனை ஆண்டு தாங்கும் என்று கணக்கைப் பிள்ளையின் முன் வெளிப்படையாய் வைப்போம். சமுதாயத்தைப் படிக்கப் போகிறவர் முதலில் தன் வீட்டுக் கணக்கைப் படிக்கட்டும்.

இப்படிப்பு வீட்டிற்குள் நுழைந்தால் என்ன நிகழும் என்பதற்கு, நாம் அறிந்த ஓர் இல்லத்துச் செய்தியைக் கூறுவோம். சமூகவியல் படிக்கும் பெண் விடுமுறைக்கு வந்திருந்தாள். வாசல் கூட்ட வரும் அம்மாளுக்கு மாடத்தில் தனி டம்ளர் வைத்திருப்பதைப் பார்த்து, "பாட்டி, இது ஏன் தனியா இருக்கு?" என்று கேட்டாள். பாட்டி சினக்கவில்லை. "கேட்கிறாய், சரி. சமத்துவம் படிக்கிற நீ, சாப்பிட்ட தட்டை உன் அம்மா கழுவட்டும் என்று போட்டுவிட்டுப் போகிறாயே, அது ஏன் கண்ணு?" என்று திருப்பிக் கேட்டாள். பேத்தி வாயடைத்து நின்றாள். அன்று மாலை பேத்தி தட்டைத் தேய்த்தாள். சில நாளில் மாடத்து டம்ளர் மற்ற டம்ளர்களோடு அலமாரிக்கு வந்தது. எடுத்து வைத்தவர் பாட்டியே. அவ்வில்லத்தில் எவரும் கொடி பிடிக்கவில்லை; கோயிலுக்குப் போவதையும் நிறுத்தவில்லை. ஒரு கேள்வி இரு பக்கமும் வேலை செய்தது, அவ்வளவே.

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரமும் கேள்விக்குத் தனியே ஓர் அதிகாரமும் வகுத்தார். தமிழில் கேள்வி என்னும் சொல்லுக்குச் செவிமடுத்தல் என்பதும் பொருள். வினாவுதல் என்பதும் பொருள். வினாவத் தெரிந்தவர் செவிமடுக்கவும் வேண்டும் என்பதை ஒரே சொல்லில் நம் மொழி அடக்கி வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பெற்றோராகிய நமக்கும் பொருந்தும்.

ஆகவே பெற்றோருக்கு நாம் கூறுவது இதுதான். பிள்ளை ஒரு நூலோடு வீட்டிற்கு வந்தால், அதைப் பிடுங்க வேண்டாம். மூன்று கேள்வி கேட்போம். இதை மறுத்தவர் யார், அவர் என்ன சொன்னார் என்பது ஒன்று. இதனால் துன்பப்படும் மனிதர் ஒருவருக்கு என்ன நன்மை என்பது இரண்டு. இதன்படி நம் வீட்டில் நீ எதை மாற்றிக்கொள்வாய் என்பது மூன்று. இம்மூன்றுக்கும் விடை தேடும் பிள்ளை வழி தவறாது. முதல் கேள்விக்கே வெகுளும் பிள்ளையைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். அப்போதும் கதவைச் சாத்தாமல் அருகிருந்து பேச வேண்டும்.

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு சொல். உங்கள் தந்தையார் படிக்காத நூலை நீங்கள் படிக்கிறீர்கள். அதனால் அவர் அறியாதவர் ஆகிவிடமாட்டார். இரவுப் பணி, இடமாற்றம், வேற்று மொழி, கடன் என்று சமுதாயத்தின் பல பாடங்களை அவர் உடம்பால் படித்திருக்கிறார். உங்கள் நூலை அவருக்குத் தமிழில் எளிதாய்ச் சொல்லிக் காட்டுங்கள். சொல்ல முடியாவிடில், அதை நீங்களும் இன்னும் சரியாய்ப் படிக்கவில்லை என்று பொருள்.

இறுதியாக, சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். நம் நூல்நிலையத்தில் ஓர் அலமாரியை இத்துறை நூல்களுக்கென ஒதுக்க வேண்டும். ஒரு கருத்துக்கு ஒரு நூல் வைத்தால், அதை மறுக்கும் நூலையும் அருகே வைக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு மாலை, கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு கொள்கையை எடுத்துரைக்க, மற்றொருவர் மறுத்துரைக்க, பெரியோர் கேள்வி கேட்கும் சபை ஒன்று இம்மண்டபத்தில் கூட வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு அதில் சரிபாதி இடம் வேண்டும். தேநீர்ச் செலவை முதல் ஆண்டுக்கு நம் அலுவலக நண்பர்கள் சிலர் ஏற்க முன்வந்துள்ளனர் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

 இனி வினாவுதல் உங்கள் முறை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.